வாளும் எழுதுகோலும்

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் மங்கோலியரைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. செங்கிஸ்கானின் படைகள் புகாரா நகரை எரித்ததையும், சில ஆண்டுகளுக்குள் அதே நகரத்தின் நிர்வாகத்தை மங்கோலியர் ஒரு முஸ்லிம் அதிகாரியிடம் ஒப்படைத்ததையும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், ஊரை எரித்தவர்களிடமே போய் வேலை பார்த்தார்களா? அது துரோகம் இல்லையா?" என்று கேட்டாள். பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. நல்ல கேள்வி, ஆனால் ஒரே சொல்லில் விடை கூற முடியாத கேள்வி. அந்த மாணவிக்கும், அவளைப் போலச் சிந்திக்கும் மற்ற மாணவியருக்கும் விடையாக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

புயலின் காரணம்

1206-ஆம் ஆண்டில் தெமூஜின் என்னும் தலைவர் மங்கோலியப் புல்வெளிக் குலங்களை ஒன்று திரட்டிச் செங்கிஸ்கான் என்னும் பட்டம் பெற்றார். அவருடைய நாட்டுக்கு மேற்கே குவாரசம் என்னும் முஸ்லிம் பேரரசு விளங்கியது. இன்றைய உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், ஈரான் ஆகிய நாடுகளின் பெரும் பகுதி அதில் அடங்கியிருந்தது. 1218-இல் செங்கிஸ்கான் ஒரு பெரிய வணிகக் கூட்டத்தை அங்கு அனுப்பினார். அதில் சென்ற சுமார் 450 பேரும் முஸ்லிம்களே என்று அந்த நூற்றாண்டின் வரலாற்றாசிரியரான ஜுவைனி கூறுகிறார். எல்லை நகரமான ஓத்ராரின் ஆளுநர் அவர்களை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்று, பொருள்களைக் கைப்பற்றினார். நீதி கேட்டு வந்த தூதரையும் குவாரசம் சுல்தான் கொல்வித்தார்.

அதன் விளைவு பயங்கரமானது. 1219-இல் மங்கோலியப் படை புறப்பட்டது. 1220-இல் புகாராவும் சாமர்கண்டும் வீழ்ந்தன. 1221-இல் குவாரசத்தின் தலைநகரான ஊர்கெஞ்ச் அழிந்தது. நூலகங்களும் நீர்க்கால்வாய்களும் மசூதிகளும் பாழாயின. கைவினைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கீழ்த்திசைக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். அன்று உயிர் தப்பியவர்களின் கண்களில் மங்கோலியர் மனிதராகவே தோன்றியிருக்க மாட்டார்கள்.

குதிரை வீரருக்குக் கணக்கர் தேவை

வெல்வது வேறு, ஆள்வது வேறு. மங்கோலியர் புல்வெளியில் கூடாரங்களில் வாழ்ந்து, ஆடும் குதிரையும் மேய்த்தவர்கள். நகரம், வயல், கால்வாய், நில வரி, சுங்கம் என்பவையெல்லாம் அவர்களுக்குப் புதியவை. எண்ணிக்கையிலும் அவர்கள் சிறியவர்கள். எழுத்தைக்கூட உய்குர் மக்களிடமிருந்துதான் பெற்றார்கள். ஆகவே எழுதவும் கணக்கிடவும் தெரிந்தவர்களை வென்ற நாடுகளிலிருந்தே தேடிக்கொண்டார்கள். சீனர், உய்குர், கிறிஸ்தவர், முஸ்லிம் என்று எல்லாச் சமயத்தாரும் அவர்களுடைய அலுவலகங்களில் இருந்தனர்.

முஸ்லிம்களில் பலர் தொலைதூர வணிகத்தில் தேர்ந்தவர்கள். துருக்கி மொழியும் பாரசீக மொழியும் அறிந்தவர்கள். வெள்ளியின் மதிப்பும் வழிகளின் நீளமும் அவர்களுக்கு அத்துப்படி. மற்றொரு காரணமும் உண்டு. சீனாவில் அமர்த்தப்பட்ட புகாராக்காரருக்கு அங்கே உறவும் இல்லை, படையும் இல்லை. கானின் தயவு ஒன்றே அவருக்குப் பலம். அப்படிப்பட்டவர் கலகம் செய்ய மாட்டார் என்று கான்கள் கருதினார்கள்.

இவ்வாறு வந்தவர்களில் முதன்மையானவர் மஹ்மூத் யலவாச். அவர் குவாரசத்தைச் சேர்ந்த வணிகர். 'யலவாச்' என்னும் துருக்கிச் சொல்லுக்குத் 'தூதர்' என்று பொருள். அவரும் அவருடைய மகன் மசூத் பேக்கும் ஊர்கெஞ்சிலிருந்து வந்து, நகரங்களை ஆளும் முறைகளைச் செங்கிஸ்கானுக்கு எடுத்துரைத்தார்கள் என்று மங்கோலியரின் இரகசிய வரலாறு என்னும் நூல் கூறுகிறது. எரிந்த நகரத்தின் குடிமக்கள், எரித்தவருக்கு நகரம் என்றால் என்னவென்று பாடம் சொன்னார்கள்! செங்கிஸ்கான் 1227-இல் இறந்தார். 1229-இல் அவருடைய மகன் ஒகோதை பெருங்கானானதும், புகாராவும் சாமர்கண்டும் அடங்கிய நாட்டின் நிர்வாகம் யலவாசிடம் வந்தது.

புகாராவைக் காத்த சொல்

யலவாச் செய்த முதல் வேலை, வரியை ஒழுங்குபடுத்தியது. அதற்கு முன் வந்தவன் போனவன் எல்லாம் கையில் கிடைத்ததைப் பறித்துச் சென்றான். யலவாச் வளர்ந்த ஆண் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று தலைவரி விதித்தார். இத்தனை கொடுத்தால் போதும் என்ற நிச்சயம் ஏற்பட்டதால் ஓடியவர்கள் ஊர் திரும்பினார்கள். புகாரா மறுபடியும் தலையெடுத்தது. ஆனாலும் வரி வரிதான். செல்வருக்கு எளிதாயிருந்த தொகை உழவருக்கும் சிறு கைவினைஞருக்கும் சுமையாயிருந்தது.

1238-இல் அச்சுமை வெடித்தது. புகாராவுக்கு அருகில் உள்ள தாராப் என்னும் கிராமத்தில் மஹ்மூத் என்னும் சல்லடை செய்பவர் இருந்தார். தமக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்று அவர் சொல்ல, ஏழை மக்கள் திரள் திரளாக அவர் பின் சென்றார்கள். செல்வர் வீடுகள் சூறையாடப்பட்டன. மங்கோலிய அதிகாரிகள் புகாராவை விட்டு ஓடினார்கள். உழவர்கள் மண்வெட்டியும் கோடரியும் ஏந்தி வரி தண்டுவோரைத் துரத்தினார்கள். முதற்போரிலேயே சல்லடைக்காரர் அம்பு பட்டு இறந்தார். அவருடைய சகோதரர்கள் தலைமை ஏற்றார்கள். ஒரு வாரத்தில் பெரிய மங்கோலியப் படை வந்தது. கலகக்காரர்களில் ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தார்கள் என்று ஜுவைனி எழுதுகிறார்.

அத்துடன் நிற்கவில்லை. மறுநாள் நகரத்து மக்கள் அனைவரையும் வெளியே கொண்டுவந்து, ஆண்களைக் கொன்று, ஊரைக் கொள்ளையிடப் படைத்தலைவர்கள் ஆயத்தமானார்கள். 1220-ஆம் ஆண்டு மீண்டும் வரவிருந்தது. அப்போது யலவாச் முன்னே வந்து தடுத்தார். சிலர் செய்த குற்றத்துக்காகப் பல்லாயிரம் பேரைக் கொல்வது எப்படித் தகும், இத்தனை ஆண்டு பாடுபட்டு எழுப்பிய நகரத்தை அறிவிலிகள் சிலரை முன்னிட்டு அழிப்பதா என்று வாதாடினார். முடிவாக, செய்தியைப் பெருங்கானுக்கு அனுப்புவோம், அவர் ஆணை எதுவோ அதன்படி நடப்போம் என்று கூறிக் காலம் வாங்கினார். ஒகோதைக்குத் தூது அனுப்பி மிகவும் முயன்றார். பெருங்கான் மன்னிப்பு அளித்தார். புகாரா பிழைத்தது.

இங்கே மாணவியர் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மக்கள் எந்த வரியை எதிர்த்து எழுந்தார்களோ, அந்த வரியைத் தண்டிய ஆட்சிக்குத் தலைவர் யலவாசே. ஊர் அழிய இருந்தபோது ஊருக்காக வாதாடியவரும் அவரே. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. படைத்தலைவர்களின் அவையில் அன்று அவர் இல்லாதிருந்தால், பேச வேறு ஆள் இல்லை.

மதரஸா கட்டிய கிறிஸ்தவ அரசி

யலவாச் சீனாவுக்கு மாற்றப்பட்ட பின் மகன் மசூத் பேக் அந்நாட்டின் பொறுப்பை ஏற்றார். அவர் புகாராவில் 'மசூதிய்யா' என்னும் பெரிய மதரஸாவைக் கட்டினார். அதே நகரத்தில் மற்றொரு மதரஸாவும் எழுந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர் யார் தெரியுமா? சோர்காக்தானி பேகி என்னும் மங்கோலிய இளவரசி. அவர் நெஸ்தோரியக் கிறிஸ்தவர். செங்கிஸ்கானின் இளைய மகனான துலுய் 1232-இல் இறந்தபோது கைம்பெண்ணாகி, மறுமணத்தை மறுத்து, நான்கு ஆண்மக்களை வளர்த்து ஆளாக்கியவர். அந்த மக்களுள் மோங்கே, குப்ளாய் இருவரும் பெருங்கான்களாயினர். ஹுலாகு ஈரானை ஆண்டார்.

அந்தத் தாய், முஸ்லிம் பிள்ளைகள் கல்வி கற்க 1,000 வெள்ளிக் கட்டிகளை அளித்தார். மதரஸாவின் செலவுக்கென்று கிராமங்களும் வாங்கி எழுதி வைக்கப்பட்டன. இவ்விரு கல்விக்கூடங்களிலும் நாள்தோறும் ஆயிரம் மாணவர்வரை பயின்றார்கள் என்று ஜுவைனி வியந்து எழுதுகிறார். 1252-இல் அந்த அரசி மறைந்தார். அவருடைய மாமனார் காலத்தில் எரிந்த நகரத்தில்தான் அவர் கொடுத்த பணம் பள்ளியாயிற்று.

1273-இல் ஈரானிலிருந்து வந்த மற்றொரு மங்கோலியப் படை புகாராவைச் சூறையாடியது. மசூதிய்யா மதரஸா தீக்கிரையாயிற்று. மசூத் பேக் மனம் தளரவில்லை. சிதறிய மக்களைத் திரட்டி, மதரஸாவைத் திரும்பவும் கட்டினார். 1289-இல் இறந்தபோது அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கோணிய எழுதுகோல்

எல்லாரும் யலவாசைப் போலவும் மசூத் பேக்கைப் போலவும் இருக்கவில்லை. அதையும் மறைக்கக் கூடாது. வட சீனாவின் ஆண்டு வரி 22,000 வெள்ளிக் கட்டிகளாக இருந்தபோது, அப்துர் ரஹ்மான் என்னும் வணிகர் அதை 44,000 ஆக்கித் தருகிறேன் என்று ஒகோதையிடம் குத்தகை கேட்டார். இது மக்களை உறிஞ்சாமல் கிடைக்காது என்று யெலூ சூத்சாய் என்னும் அமைச்சர் கண்ணீருடன் வாதாடினார். பயனில்லை, குத்தகை அப்துர் ரஹ்மானுக்கே போயிற்று. 1241-இல் ஒகோதை இறந்தார். அரசி தோரகெனா ஆட்சியை நடத்தியபோது அப்துர் ரஹ்மானின் கை மேலும் ஓங்கியது. யலவாசும் மசூத் பேக்கும் உயிருக்கு அஞ்சி வெவ்வேறு இளவரசர்களிடம் அடைக்கலம் புகுந்தார்கள். 1246-இல் குயுக் பெருங்கானானபோது அவர்கள் இருவரும் பழைய பதவிகளைப் பெற்றார்கள். அப்துர் ரஹ்மான் கொல்லப்பட்டார்.

அதே அரண்மனையில் பாத்திமா என்னும் பாரசீகப் பெண் இருந்தார். ஈரானின் மஷ்ஹத் பகுதியிலிருந்து கைதியாக இழுத்து வரப்பட்டவர். தம் அறிவினால் அரசி தோரகெனாவின் நம்பிக்கையைப் பெற்று, பெரிய அதிகாரிகளை ஏற்றவும் இறக்கவும் வல்லவரானார். ஆனால் குயுக்கின் தம்பி நோயுற்றபோது, அவர் சூனியம் வைத்தார் என்று பழி சுமத்தப்பட்டது. சித்திரவதை செய்து ஒப்புதல் வாங்கி, அவரைக் கொன்றுவிட்டார்கள். கைதியாக வந்த பெண்ணுக்கு அரண்மனையில் செல்வாக்கு கிடைத்தது, பாதுகாப்பு கிடைக்கவில்லை.

குப்ளாய்கானின் நிதி அமைச்சராயிருந்த அஹ்மத், மத்திய ஆசியாவின் பனாகத் நகரத்தவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சீனாவின் கருவூலம் அவர் பிடியில் இருந்தது. போர்களுக்கும் மாளிகைகளுக்கும் கான் பணம் கேட்கக் கேட்க, அவர் வரியை உயர்த்திக்கொண்டே போனார். தம் மக்களையும் உறவினரையும் பதவிகளில் அமர்த்தினார். 1282-இல் தலைநகரிலேயே வாங் சூ என்னும் சீன வீரர் அவரைக் கொன்றார். கொன்றவருக்கு முதலில் மரண தண்டனை விதித்த குப்ளாய்கான், அஹ்மதின் செயல்களை அறிந்த பின் அவருடைய உடலைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து அவமதிக்கச் செய்தார். மார்க்கோபோலோவின் பயண நூலிலும் இச்செய்தி இடம் பெற்றுள்ளது. அஹ்மதின் பேராசையும் மெய். கானின் ஓயாத பணத்தேவையும் மெய். பழி மட்டும் ஒருவர் தலையில் விழுந்தது.

விலங்கை அவிழ்த்த ஆளுநர்

அதே குப்ளாய்கானிடம் அதே காலத்தில் பணி செய்த மற்றொருவரைக் காண்போம். அவர் பெயர் சையித் அஜல் ஷம்சுத்தீன் உமர். 1211-இல் புகாராவில் பிறந்து, இளமையிலேயே மங்கோலியர் பணியில் சேர்ந்தவர். 1274-இல், அறுபது வயது கடந்த நிலையில், தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாநிலத்துக்கு ஆளுநராக அனுப்பப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் மங்கோலியர் வாளால் வென்ற மலைநாடு அது. பல இனங்களும் பல மொழிகளும் நிறைந்தது.

அங்கே குன்மிங் நகருக்கு அருகில் தியான் ஏரி உள்ளது. மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி என்று உழவர்கள் துன்பப்பட்டார்கள். சையித் அஜல் அணையும் கால்வாயும் அமைத்து நீரை ஒழுங்குபடுத்தினார். பேரரசு முழுவதும் காகிதப் பணம் செல்ல வேண்டும் என்பது கானின் விருப்பம். யுன்னான் மக்களோ சோழிகளையே பணமாக வழங்கி வந்தார்கள். பழக்கமில்லாத காகிதத்தை அவர்கள்மேல் திணிக்க வேண்டாம் என்று எழுதி, சோழி தொடர்ந்து வழங்க அனுமதி பெற்றார். மசூதிகள் கட்டிய அவரே கன்பூசியஸ் கோயிலையும் பள்ளியையும் கட்டினார். நூல்களும் வாங்கித் தந்தார். மலைத் தலைவர்கள் கொண்டுவந்த காணிக்கைகளைத் தம் கீழ்ப் பணியாளருக்கும் ஏழைகளுக்கும் பகிர்ந்தளித்தார். தமக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

யுவான் வம்ச வரலாற்று நூலில் அவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி உண்டு. பதவி கிடைக்காத சில உள்ளூர் எழுத்தர்கள் தலைநகருக்குச் சென்று, ஆளுநர் வரம்பு மீறி நடக்கிறார் என்று கோள் சொன்னார்கள். குப்ளாய்கான் அதை நம்பவில்லை. அவர்களுக்கு விலங்கிட்டு, நீரே தண்டித்துக்கொள்ளும் என்று சையித் அஜலிடமே அனுப்பிவிட்டார். அவர் என்ன செய்தார்? விலங்குகளை அவிழ்க்கச் சொன்னார். எனக்கு அளிக்கப்பட்ட அதிகாரம் எதுவரை என்பதை அறியாமல் முறையிட்டுவிட்டீர்கள், இனி உண்மையாக உழையுங்கள் என்று சொல்லி, அவர்களுக்கே பதவி கொடுத்தார். 1279-இல் அவர் இறந்தபோது யுன்னான் மக்கள் வீதிகளில் அழுதார்கள் என்று அந்நூல் கூறுகிறது.

அடுத்த ஆண்டே, 1280-இல், முஸ்லிம்கள் தம் முறைப்படி இறைச்சி அறுக்கக் கூடாது என்று குப்ளாய்கான் தடை விதித்தார். வணிகர் வரத்து குறைந்து வருவாய் விழுந்த பிறகே, 1287-இல், தடை நீங்கியது. எவ்வளவு உழைத்தாலும் கானின் ஒரு சொல்லில் எல்லாம் மாறிவிடும் என்ற அச்சத்திலேயே இவர்கள் வாழ்ந்தார்கள்.

ஈரானிலும் இதே கதை

1258-இல் ஹுலாகுவின் படை பாக்தாத் நகரை அழித்தது. மறுஆண்டு அந்நகரின் ஆளுநராக அமர்த்தப்பட்டவர் நாம் மேலே பலமுறை குறிப்பிட்ட ஜுவைனி. அவருடைய பாட்டனார் குவாரசம் சுல்தானிடம் பணி செய்தவர். தந்தை மங்கோலியரிடம் பணி செய்தவர். 1256-இல் அலமூத் கோட்டை வீழ்ந்தபோது அதன் நூலகத்தில் புகுந்து, அரிய நூல்களையும் வானியல் கருவிகளையும் அழிவிலிருந்து மீட்டவர் அவர். பாக்தாதில் பாழ்நிலங்களுக்குக் கால்வாய் வெட்டினார். ஆயினும் கடைசிக் காலத்தில் பணம் கையாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையும் அவமானமும் அனுபவித்து, 1283-இல் இறந்தார். தலைமை அமைச்சராயிருந்த அவர் சகோதரர் ஷம்சுத்தீன் மறுஆண்டு கொல்லப்பட்டார். யூதக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய மருத்துவரும் மாபெரும் வரலாற்றாசிரியருமான ரஷீதுத்தீன், கஸான்கானின் வரிச் சீர்திருத்தங்களுக்குத் துணை நின்றவர். அவரும் 1318-இல், முதியவராக, பொய்க் குற்றச்சாட்டின்பேரில் கொலைத் தண்டனை பெற்றார்.

கேள்விக்கு விடை

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். இவர்கள் துரோகிகளா?

தாராப் கிராமத்து உழவரைக் கேட்டிருந்தால், "ஆம்" என்று சொல்லியிருப்பார். அவருக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் அதே 1238-இல் கொலைக்களத்துக்கு அழைத்துச் செல்லப்படாமல் வீடு திரும்பிய புகாராத் தாய் ஒருத்தியைக் கேட்டிருந்தால், வேறு விடை சொல்லியிருப்பாள். ஒருவர் யாரிடம் வேலை பார்த்தார் என்பதை மட்டும் கொண்டு அவரை அளந்துவிட முடியாது. கையில் எழுதுகோல் வந்தபோது அதைக்கொண்டு என்ன எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். அப்துர் ரஹ்மான் 22,000 என்பதை 44,000 என்று எழுதினார். யலவாச் பெருங்கானுக்கு ஒரு மன்னிப்பு விண்ணப்பம் எழுதினார். இருவரும் ஒரே மதத்தவர். இருவருக்கும் எசமானர் ஒருவரே.

முடிவாக, நம் மொழியையும் தொட்டு நிற்கும் ஒரு செய்தி. சையித் அஜலின் வழியில் ஆறாம் தலைமுறையில் பிறந்தவர் ஜெங் ஹே. மங்கோலியருக்குப் பின் வந்த மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் அவர். இலங்கையின் காலி நகரில் 1911-இல் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. ஜெங் ஹேயின் கப்பல்கள் கொண்டுவந்த அக்கல் 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்னும் திருமாலுக்கும் காணிக்கை கூறுகின்றன. மசூதியும் கன்பூசியஸ் கோயிலும் கட்டிய ஆளுநரின் வழித்தோன்றல் நிறுத்திய கல்லில், மூன்று சமயங்களுக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

உங்கள் சிந்தனைக்கு

1. மங்கோலியர் வென்ற நாடுகளிலிருந்தே அதிகாரிகளைத் தேடியதன் காரணங்கள் யாவை?

2. யலவாச் படைத்தலைவர்களிடம் நேரடியாக மறுக்காமல், பெருங்கானின் ஆணை வரட்டும் என்று சொன்னது ஏன்?

3. பாத்திமா, சோர்காக்தானி பேகி ஆகிய இருவரின் நிலையையும் ஒப்பிடுக. செல்வாக்கும் பாதுகாப்பும் ஒன்றுதானா?

4. நீங்கள் விரும்பாத ஒரு தலைமையின் கீழ் பொறுப்பு ஏற்க நேர்ந்தால், எந்த எல்லைவரை ஏற்பீர்கள்? எங்கே மறுப்பீர்கள்? வீட்டில் பெற்றோருடன் பேசிப் பாருங்கள்.